ஆளில்லாத மைதானத்திலை ஹொக்கி: இந்த நேரத்திலை விளையாட்டு தேவைதானோ?

மட்டைக்காரன் (கிளிநொச்சி) | 05.08.2021, முற்பகல் 10.12

இண்டைக்குக் காலமை எட்டே முக்கால் போலை நான் கத்தின கத்திலை பக்கத்து வளவு மாடு கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிட்டுது. மாட்டுக்காரருக்கு விளங்கப்படுத்தப் போனன்: "இந்தியாவோடை ஆட்டம், ஜேர்மனிக்குப் பெனால்டி கோர்னர் அண்ணை, கோலுக்குக் கிட்ட குடுக்கிற தண்ட அடி, முடிய 6.8 விநாடிதான் கிடக்கு, 5-4..." அவர் கேட்டது ஒண்டே ஒண்டுதான். "மாடு எந்தப் பக்கம் போனது?"

41 வருஷம். 1980 மொஸ்கோவுக்குப் பிறகு இந்திய ஆண்கள் அணிக்கு ஒலிம்பிக்கிலை ஒரு பதக்கமும் இல்லை. இண்டைக்கு டோக்கியோவிலை, வெண்கலத்துக்கான ஆட்டத்திலை 1-3 எண்டு பின்னுக்கு நிண்டாங்கள். நான் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போனன், அவ்வளவுதான். ஹார்திக், ஹர்மன்பிரீத், ரூபிந்தர், சிம்ரன்ஜீத் எண்டு ஏழெட்டு நிமிஷத்துக்குள்ளை நாலு கோல். கடைசியா அந்தக் கோர்னரைக் கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ் மறிச்சுப்போட்டுக் கோல் கம்பத்துக்கு மேலை ஏறி இருந்தார் பாருங்கோ, அப்பா அழுதிட்டார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேணும். அவர் மாத்தளை ஆள். கிரிக்கெட்டை விட்டுப்போட்டு ஹொக்கியைப் பற்றிச் சண்டை பிடிக்கிற ஊர் இலங்கையிலை அது ஒண்டுதான் எண்டு அவர் சொல்லுவார். 1977 இனக்கலவரத்தோடை மலைநாட்டிலையிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களிலை எங்கடையும் ஒண்டு. ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு சாமிப்படம், ஒரு மட்டை. ஆச்சிமார் "படம் சரி, அந்தத் தடி எதுக்கடா?" எண்டு கேட்டவையாம். பிறகு பாரதிபுரம் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்து, புளியங்கொப்பை நெருப்பிலை வாட்டி வளைச்சு எங்களுக்கும் மட்டை செய்து தந்தவர். 80-ஆம் ஆண்டு கப்டன் பாஸ்கரன்ரை இந்திய அணி ஸ்பெயினை 4-3 எண்டு வெண்டதை றேடியோவிலை கேட்ட மனுசன், அடுத்த பதக்கத்தைப் பாக்க 71 வயசு வரைக்கும் இருந்திருக்கிறார்.

இனி விசயத்துக்கு வாறன். கொரோனாவாலை அந்த மைதானத்திலை சனமே இல்லை. பந்து கோல் பலகையிலை அடிபடுற "டொக்" சத்தம், ஸ்ரீஜேஷ் பின்னுக்கு நிண்டு பெடியளைப் பேசுறது எல்லாம் துல்லியமாக் கேட்டது. ரீவியிலை வந்து விமர்சனம் சொல்லுறவை "பரிதாபமா இருக்கு, உயிரே இல்லை" எண்டினம். எனக்கு அப்பிடி இல்லை. எங்கடை வெட்டையிலை நாங்கள் விளையாடேக்கை பாக்க வாறது ரெண்டு ஆடும் ஒரு மனநிலை சரியில்லாத அண்ணையும்தான். ஆள் பாக்காட்டி ஆட்டம் ஆட்டமில்லையோ?

கொரோனா வந்த நாளிலையிருந்து எனக்கு இருந்த பெரிய பிரச்சினை காசு இல்லை. காசு எப்பவும் இல்லைத்தானே. கிழமை தெரியாமல் போனதுதான் பிரச்சினை. கடை பூட்டு, பள்ளிக்கூடம் பூட்டு, கோயில் பூட்டு. செவ்வாயும் ஞாயிறும் ஒரே மாதிரி. இந்த ரெண்டு கிழமையும்தான் "நாளைக்கு ஆஜென்டீனாவோடை, மற்ற நாள் ஜப்பானோடை" எண்டு நாளுக்கு ஒரு பேர் இருந்தது.

முன்வீட்டு ஆச்சி வீட்டிலைதான் டிஷ் இருக்கு. நான், அப்பா, வெட்டைப் பெடியள் எல்லாரும் சேர்ந்து பதினொரு பேர். கணக்குச் சரி, ஒரு அணி! ஆச்சி அவிச்ச கடலை தந்தவ.

இந்த நேரத்திலை ஒலிம்பிக் வைச்சது பிழை எண்டு நினைக்கிற ஆக்களும் இஞ்சை இருப்பினம். சொல்லுங்கோ, கேப்பம்.

---

தாதி_வவுனியா | 05.08.2021, பிற்பகல் 1.40

வாழ்த்துகள். ஆனா ஒரு கேள்வி. பதினொரு பேரும் ஆச்சியும் ஒரு அறைக்குள்ளையா? ஜன்னல் திறந்திருந்ததா?

---

சென்ரர்ஹாவ் (யாழ்ப்பாணம்) | 05.08.2021, பிற்பகல் 2.25

மட்டைக்காரன், உங்கடை அப்பாவின்ரை காலைத் தொட்டுக் கும்பிட வேணும். நான் பள்ளிக்கூடக் காலத்திலை கொஞ்சம் ஆடின ஆள், அதாலை ஒரு தொழில் விசயம் மட்டும். இண்டைக்கு வெண்டது முன்னுக்கு நிண்ட பெடியள் எண்டு எல்லாரும் எழுதுவினம். கடைசிக் கோர்னரைத் திருப்பிப் பாருங்கோ. பந்தைத் தள்ளிவிட்ட உடனையே ஓடிப்போய் அடிக்கிறவன்ரை காலடியிலை நிக்கிறானே ஒருத்தன், முதல் ஓட்டக்காரன், அவனுக்கு முகத்திலை ஒரு மூடி, முழங்காலுக்கு ஒரு கட்டு. அவ்வளவுதான் காவல். மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேலை வாற பந்துக்கு முன்னாலை உடம்பைக் குடுக்கிற வேலை அது. அவனாலைதான் அடிக்கிறவனுக்கு இடம் குறையும், கோல் கீப்பருக்குத் திசை தெரியும். பேர் வாறது கீப்பருக்கு.

அவுஸ்திரேலியாவோடை 1-7 எண்டு தோத்த அணி இது எண்டதையும் மறக்காதேங்கோ. அண்டைக்கு ராத்திரி நான் முகநூலிலை எழுதினதை இப்ப அழிச்சுப்போட்டன்.

---

பனிமட்டை (ரொறன்ரோ) | 05.08.2021, இரவு 8.05

தலைப்பைப் பாத்திட்டு எங்கடை ஹொக்கி எண்டு ஓடி வந்தன். இஞ்சை "ஹொக்கி" எண்டால் பனிக்கட்டி, சறுக்குச் சப்பாத்து, பல்லு உடைஞ்ச ஆம்பிளையள். பிள்ளையளோடை சேர்ந்து எனக்கும் அந்த வருத்தம் தொத்திட்டுது, முள்ளியவளையிலை பிறந்தவனுக்கு!

ஆளில்லாத மைதானத்தைப் பற்றி நான் ஒரு கதை சொல்லுறன். போன வருஷம் மார்ச் 12-ஆம் திகதி என்.எச்.எல் எண்ட இஞ்சத்தைப் பனி ஹொக்கி லீக் ஆட்டங்களை நிப்பாட்டினவை. ஓகஸ்டிலை திருப்பித் தொடங்கேக்கை 24 அணியையும் ரொறன்ரோவிலையும் எட்மன்டனிலையும் ஹொட்டேலும் மைதானமுமா வேலி போட்டு அடைச்சு வைச்சாங்கள். ஒவ்வொரு நாளும் எல்லாருக்கும் பரிசோதனை. முடியேக்கை 33,000-க்கு மேலை பரிசோதனை, ஒருத்தருக்கும் தொற்று இல்லை. செப்டெம்பர் 28-ஆம் திகதி தம்பா பே அணி கிண்ணத்தைத் தூக்கேக்கை கதிரை எல்லாம் துணியாலை மூடிக் கிடந்தது.

நான் ஒவ்வொரு ஆட்டமும் பாத்தனான். அதை மறைக்கேல்லை. ஆனா நான் வேலை செய்யிறது ஒரு முதியோர் இல்லத்திலை. 2020 ஏப்ரலிலை எங்கடை மாடியிலை கிழமைக்கு ரெண்டு மூண்டு கட்டில் வெறுமையாகும். எங்களுக்குப் பரிசோதனை செய்ய ஆளில்லை, மாஸ்க் ஒரு நாளைக்கு ஒண்டு, அதையும் கடுதாசிப் பையிலை வைச்சு அடுத்த நாளும் போடச் சொன்னவை. பிறகு அதே நகரத்திலை, விளையாடுறவனுக்கு ஒவ்வொரு நாளும் மூக்குக்குள்ளை குச்சி. ஓவர்டைமிலை கோல் விழேக்கை நான் கதிரையிலையிருந்து துள்ளுவன். துள்ளிப்போட்டு இருக்கேக்கை ஒரு மாதிரி இருக்கும். அந்த மாதிரிக்குப் பேர் எனக்குத் தெரியாது.

---

மட்டைக்காரன் | 05.08.2021, இரவு 9.30

மேற்கோள் (தாதி_வவுனியா): "ஜன்னல் திறந்திருந்ததா?"

தங்கச்சி, ஒரு ஜன்னல் திறந்ததுதான். மற்றதிலை ஆச்சி நெல்லு மூட்டை அடுக்கி வைச்சிருக்கிறா. பயப்பிடாதேங்கோ, ஹொக்கி மட்டையின்ரை நீளம் கூடினது 105 சென்ரிமீற்றர். அரசாங்கம் சொல்லுற இடைவெளி ஒரு மீற்றர். போன வருஷமே அப்பா பெடியளுக்கு மட்டையை நீட்டிப் பிடிச்சு இடைவெளி காட்டிக் குடுத்தவர். கொரோனாவுக்கு எண்டே கண்டுபிடிச்ச விளையாட்டு இது!

பனிமட்டை அண்ணை, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். பதில் உடனை வரேல்லை.

---

இரணைமடுக்காற்று | 06.08.2021, காலை 5.50

சிறுபோக நெல்லு வெட்டு நடக்குது. யூரியா இல்லை, மருந்து இல்லை, மே மாசம் ஒரே இரவிலை இறக்குமதியை நிப்பாட்டிப்போட்டாங்கள். காலபோகத்துக்கு என்ன செய்யிறது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் மட்டையும் பந்தும்.

அதோடை ஒரு கேள்வி கேக்கட்டே? இந்தியா வெண்டதுக்குக் கிளிநொச்சியிலை கத்துறது! 87-ஐ மறந்தாச்சோ?

---

ரீச்சர்_மல்லாவி | 06.08.2021, முற்பகல் 9.15

இப்பதான் பெண்களின்ரை ஆட்டம் முடிஞ்சது. ஆண்களுக்கு மாடு ஓடினது, பொம்பிளைப் பிள்ளையளுக்கு இந்த இழையிலை ஒரு வரிகூட இல்லை. நானே எழுதுறன்.

0-2 எண்டு விழுந்து, பாதி நேரத்துக்குள்ளை 3-2 எண்டு எழும்பி, கடைசியிலை பிரித்தானியாவோடை 3-4. நாலாம் இடம். நாலு நாளைக்கு முதல் இதே பிள்ளையள் அவுஸ்திரேலியாவைக் காலிறுதியிலை 1-0 எண்டு அனுப்பினவை. ஏப்ரலிலை கப்டன் ராணியோடை சேர்த்து ஏழு வீராங்கனைகளுக்குக் கொரோனா வந்து போன அணி இது. எழும்பி நடக்கவே மூச்சு வாங்கின பிள்ளையள், மூண்டு மாசத்திலை ஒலிம்பிக் ஓடியிருக்கினம்.

வந்தனா கட்டாரியா எண்டு ஒரு பிள்ளை. மே மாசக் கடைசியிலை தகப்பன் செத்துப்போனார். அவள் பெங்களூரு முகாமிலை, வெளியிலை போனால் திரும்பி உள்ளுக்கு வர ஏலாது. செத்த வீட்டுக்குப் போகேல்லை. ரெண்டு மாசத்திலை தென்னாபிரிக்காவோடை மூண்டு கோல் போட்டாள், ஒலிம்பிக்கிலை இந்தியப் பெண் ஒருத்தி ஹட்ரிக் போட்டது அதுதான் முதல் தரம். அரையிறுதி தோத்த உடனை அவள் வீட்டு வாசலிலை போய் நிண்டு, சாதியைச் சொல்லிப் பேசி வெடி கொளுத்தினவங்கள். வெண்டால் நாட்டுப் பிள்ளை, தோத்தால் சாதி. எங்கடை ஊரிலை இது இல்லை எண்டு ஆரும் இஞ்சை வந்து எழுதவேண்டாம்.

இரணைமடுக்காற்று அண்ணை, நீங்கள் சொல்லுற யூரியாப் பிரச்சினை மெய். எங்கடை வீட்டிலையும் ரெண்டு ஏக்கர் கிடக்கு. ஆனா ஒண்டரை வருஷமா என்ரை வகுப்புப் பிள்ளையள் வீட்டுக்குள்ளை. வட்சப்பிலை பாடம் அனுப்புறன். போன் உள்ள வீடு பாதி, சிக்னல் உள்ள வீடு அதிலும் பாதி. பாலை மரத்திலை ஏறி இருந்து பாடம் எடுத்த பிள்ளை இருக்கு. அந்தப் பிள்ளையளுக்குப் பாடம் போனதைவிட, பின்னேரம் போனதுதான் பெரிய நட்டம் எண்டு நான் நினைக்கிறன். வலைப்பந்து ஆடின எட்டுப் பிள்ளையளிலை ரெண்டுக்குக் கலியாணம் பேசியாச்சு. பதினெட்டு முடிய இன்னும் மாசம் கிடக்கு.

---

மட்டைக்காரன் | 06.08.2021, பிற்பகல் 12.40

ரீச்சர், குத்தினது சரியான இடத்திலை குத்தியிருக்கிறியள். பெண்களின்ரை ஆட்டமும் பாத்தனான், எழுதாமல் விட்டது என்ரை பிழை.

இரணைமடுக்காற்று அண்ணைக்கு: 87-ஐ நான் அப்பாவிட்டைதான் கேட்டன், நேற்று ராத்திரி. "இந்தியன் ஆமி வந்தப்போ என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும்டா. அப்பயும் ஹொக்கி ஸ்கோர் கேட்டேன். சோல் ஒலிம்பிக்ல ஆறாவது வந்தானுங்க." இவ்வளவுதான் சொன்னார். நாப்பத்தி நாலு வருஷம் வன்னியிலை இருந்தும் கோவம் வந்தால் அவருக்கு மாத்தளைப் பேச்சுத்தான் வரும். அவர் கத்துறது நாட்டுக்கில்லை, சின்ன வயசிலை தனக்குக் கிடைச்ச ஒண்டே ஒண்டுக்கு. நான் கத்துறது அவர் கத்துறதைப் பாத்து.

சண்டை நேரம் பற்றறி தடைசெய்த காலத்திலை சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டிப் பெடலைச் சுத்தி டைனமோவிலை றேடியோ கேட்ட சனம் நாங்கள். செய்தி கேக்கத்தான் சுத்தினது. செய்தி முடிஞ்சாப் பிறகும் ரெண்டு நிமிஷம் சுத்துவம், பாட்டுப் போகும் எண்டு. அந்த ரெண்டு நிமிஷம் தேவையோ எண்டு அப்ப ஒருத்தரும் கேக்கேல்லை. கை நோகிறவன்தான் கேப்பான், அவனும் கொஞ்ச நேரத்தாலை சுத்துவான்.

இதுதான் என்ரை கட்சி, பனிமட்டை அண்ணை. உங்களுக்கு மாஸ்க் தராமல் விட்டது அநியாயம். ஆனா அந்தக் குச்சியை விளையாடுறவன்ரை மூக்குக்குள்ளை விடாமல் விட்டிருந்தால் உங்களிட்டை வந்திருக்குமோ? வந்திராது.

---

பனிமட்டை | 06.08.2021, இரவு 7.10

வந்திராது தம்பி. அதுதான் கோவமே.

இந்த வருஷம் எல்லை பூட்டினபடியாலை கனடாவின்ரை ஏழு அணியும் தங்களுக்குள்ளைதான் ஆடினவை. மே 29, மொன்றியலிலை 2,500 பேரை உள்ளுக்கு விட்டாங்கள். பதினாலு மாசத்துக்குப் பிறகு கனடாவிலை சனத்தோடை முதல் ஆட்டம். அந்தச் சத்தம் கேட்டு எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. ரொறன்ரோ அண்டைக்கும் தோத்தது, அடுத்த ஆட்டமும் தோத்தது. 3-1 எண்டு முன்னுக்கு நிண்ட தொடரைக் குடுத்திட்டு வந்தாங்கள். அது கொரோனாவாலை இல்லை, அது பரம்பரை வருத்தம்.

---

தாதி_வவுனியா | 07.08.2021, காலை 8.20

இரவு வேலை முடிஞ்சு வந்து எழுதுறன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

மட்டைக்காரன் அண்ணா, நான் விளையாட்டுக்கு எதிரி இல்லை. நானும் பள்ளிக்கூடத்திலை நீளம் பாஞ்சனான். வெட்டையிலை மட்டையோடை ஓடுறதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். வெளிக்காத்து, வெயில், ஆளுக்காள் தூரம். ஓடுங்கோ. எனக்குப் பயம் அந்த அறை. பூட்டின அறை, பத்துப் பன்ரெண்டு பேர், ரெண்டு மணித்தியாலம், எல்லாரும் வாயைத் திறந்து கத்தினது. உங்கடை 105 சென்ரிமீற்றர் அங்கை வேலை செய்யாது. இது எச்சிலோடை மட்டும் விழுற சாமான் இல்லை, சாம்பிராணிப் புகை மாதிரி அறைக்குள்ளை நிக்கும். இப்ப வந்திருக்கிற டெல்டா முந்தினதைவிட வேகம்.

ஆட்டத்தாலை ஆருக்கும் வந்ததை நான் காணேல்லை. ஆட்டம் பாத்ததாலை, வெண்டதுக்குச் சேர்ந்து சாப்பிட்டதாலை வந்ததைக் கண்டிருக்கிறன்.

ஆச்சிக்கு ஊசி போட்டாச்சா? அப்பாவுக்கு?

---

மட்டைக்காரன் | 07.08.2021, காலை 9.00

அப்பாவுக்கு சினோபாம் ஒண்டு. ரெண்டாவதுக்கு நாள் தந்திருக்கு. ஆச்சி போடேல்லை. "செல்லடிக்கும் சாகேல்லை, பாம்புக்கும் சாகேல்லை" எண்டு சொல்லுவா.

---

சென்ரர்ஹாவ் | 08.08.2021, மாலை 6.30

ஒலிம்பிக் முடிஞ்சுது. ஆண்களிலை பெல்ஜியம் தங்கம், பெனால்டி சூட் அவுட்டிலை அவுஸ்திரேலியாவை 3-2. அதைப் பற்றி எழுதத்தான் வந்தன், ஆனா வேறை ஒண்டு ஞாபகம் வந்தது.

80-ஆம் ஆண்டு மொஸ்கோ அணியிலை ஆடின கௌசிக்கும் ரவீந்தர் பால் சிங்கும் இந்த மே 8-ஆம் திகதி, ஒரே நாளிலை, ரெண்டு பேரும் கொரோனாவாலை போயிட்டினம். மூண்டு மாசம் இருந்திருந்தால் இதைப் பாத்திருப்பினம்.

---

மட்டைக்காரன் | 12.08.2021, இரவு 11.15

அப்பாவுக்குச் செவ்வாய்க்கிழமையிலையிருந்து காய்ச்சல். இண்டைக்கு அன்டிஜென் செய்தவை, பொசிட்டிவ். எனக்கும் பொசிட்டிவ், ஆனா தடிமன் மட்டும். பெடியளிலை நாலு பேர். ஆச்சிக்கு இருமல்.

பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கேட்டார், எங்கை எங்கை போனியள் எண்டு. சொன்னன். எழுதிக்கொண்டே போனார். நிமிந்து பாக்கேல்லை.

பின்னேரம் பஸ் வந்தது. அப்பாவை இடைநிலைப் பராமரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக. அம்மா ஒரு பை கட்டிக் குடுத்தா. சாரம், துவாய், சவர்க்காரம் இருக்கும் எண்டு நினைச்சன். திறந்து பாத்தால் அதுக்குள்ளை காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், என்ரை ஓ.எல் பெறுபேறு. 2009-இலை முள்ளிவாய்க்காலாலை கொண்டுவந்து மெனிக் பாம் முகாமிலை தலைக்கடியிலை வைச்சுப் படுத்த அதே பை. "அம்மா, பத்து நாளிலை வந்திடுவார்" எண்டன். "அண்டைக்கும் ரெண்டு நாள் எண்டுதான் ஏத்தினவங்கள்" எண்டா. பஸ்ஸுக்குப் பக்கத்திலை சீருடைக்காரர் நிண்டவை. அவ அவையைப் பாக்காமல் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டா.

---

தாதி_வவுனியா | 12.08.2021, இரவு 11.40

அண்ணா, இப்ப ஒண்டும் யோசிக்காதேங்கோ. அப்பாவிட்டைப் போன் இருக்கா? விரலிலை மாட்டுற கருவி அங்கை இருக்கும், எண் 94-க்குக் கீழை போனால் உடனை அங்கை நிக்கிற மிஸ்மாருக்குச் சொல்லச் சொல்லுங்கோ. குப்புறப் படுக்கச் சொல்லுங்கோ, மூச்சுக்கு லேசு. ஆச்சியை வீட்டிலை வைச்சுப் பாக்கலாம் எண்டு மட்டும் ஆரும் முடிவெடுக்கவேண்டாம். அவவுக்கும் உடனை பாக்கவேணும்.

---

இரணைமடுக்காற்று | 13.08.2021, காலை 5.30

தம்பி, உங்கடை வளவுக்கு அரிசியும் மரக்கறியும் கேற்றடியிலை வைச்சுப்போட்டுப் போறன். வெளியிலை வரவேண்டாம். வேறை என்ன வேணும் எண்டு எழுது.

---

மட்டைக்காரன் | 17.08.2021, பிற்பகல் 3.00

அப்பாவை ஆஸ்பத்திரிக்கு மாத்தியிருக்கினம். ஒட்சிசன். போனிலை ரெண்டு சொல்லுக்கு மேலை கதைக்க ஏலாது. நேற்று எடுத்து "பாகிஸ்தான்" எண்டார். எனக்கு விளங்கேல்லை. பிறகு யோசிச்சன். 75 உலகக்கிண்ணம், கோலாலம்பூர், இறுதியாட்டம். "2-1 அப்பா, நாங்கள்தான்" எண்டன். "ம்" எண்டு வைச்சிட்டார். இண்டைக்கு "மெக்ஸிக்கோ" எண்டார். 68, வெண்கலம். இப்பிடி ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி கேக்கிறார். நான் கூகுளிலை தேடிவைச்சுக்கொண்டு இருக்கிறன்.

ஆச்சியும் ஆஸ்பத்திரியிலை.

---

மட்டைக்காரன் | 24.08.2021, இரவு 10.50

ஆச்சி ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் போயிட்டா.

நாடு திரும்பவும் 20-ஆம் திகதி இரவோடை பூட்டு. மகள் வவுனியாவிலை, வரமுடியேல்லை. மூடின பெட்டி. எங்கடை ஒழுங்கையிலை ஒருத்தரும் பாக்கேல்லை, ஒரு பறை இல்லை, தோரணம் இல்லை. ஆளில்லாத மைதானத்தைப் பற்றி நான் மேலை எழுதினது எனக்கு இப்ப வாசிக்கக் கூச்சமா இருக்கு. அழிக்கத் தெரியும். அழிக்கேல்லை.

நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனானோ? பி.எச்.ஐ-யிட்டைக் கேட்டன். "அந்தக் கிழமை ஊர் முழுக்க இருந்தது தம்பி, சந்தை, வங்கி, எங்கையெண்டு சொல்லுறது" எண்டார். நல்ல மனுசன், அதுக்குத்தான் அப்பிடிச் சொன்னவர். கடலைச் சட்டி இன்னும் எங்கடை வீட்டிலை கிடக்கு.

---

பனிமட்டை | 25.08.2021, காலை 6.15

தம்பி, போன வருஷம் எங்கடை மாடியிலை பதினேழு பேர். நான் எந்த அறையிலையிருந்து எந்த அறைக்குப் போனன் எண்டு ராத்திரி படுத்திருந்து கணக்குப் பாப்பன். கணக்கு முடியிறேல்லை. நித்திரை வராட்டி இஞ்சை எழுது, எனக்கு அப்ப பகல்.

---

ரீச்சர்_மல்லாவி | 25.08.2021, முற்பகல் 10.00

ஒரு நாளைக்கு நாடு முழுக்க இருநூறு பேர் போற கிழமை இது. அதிலை உங்கடை ஆச்சிக்கு ஒரு பேர் இருக்கு, நீங்கள் எழுதினபடியாலை நாங்கள் நாலு பேர் அவவைத் தெரிஞ்சிருக்கிறம். நான் அவவுக்கு ஒரு விளக்கு வைச்சனான்.

---

தாதி_வவுனியா | 26.08.2021, காலை 7.45

நான் 5-ஆம் திகதி ஜன்னலைக் கேட்டது குத்திக்காட்ட இல்லை அண்ணா. நீங்கள் அப்பிடி எடுத்திருக்கமாட்டியள், ஆனாலும் சொல்லவேணும் போலை இருந்தது. அப்பா எப்பிடி?

---

மட்டைக்காரன் | 02.09.2021, பிற்பகல் 4.10

அப்பா வீட்டை வந்திட்டார். பதினொரு கிலோ குறைஞ்சிருக்கு. கிணத்தடிக்கு நடக்க ரெண்டு தரம் இருக்கவேணும். காணி உறுதிப் பையை அம்மா எண்ணிப் பாத்து உள்ளுக்கு வைச்சிட்டா. ஆச்சியைப் பற்றி அவருக்கு இன்னும் சொல்லேல்லை. முன்வீட்டு லைற் எரியேல்லை எண்டு அவர் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

---

ரீச்சர்_மல்லாவி | 22.10.2021, இரவு 8.00

இந்த இழையை மேலை தூக்குறன். நேற்று 200-க்குக் குறைஞ்ச பிள்ளையள் உள்ள பள்ளிக்கூடங்கள் ஆரம்பப் பிரிவுக்குத் திறந்தது. எங்கடையிலை 61 பிள்ளையள், 48 வந்தது. ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எண்டால் என்னெண்டு தெரியாது, செருப்பைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டுது. இடைவேளைக்கு மணி அடிச்சது, ஒருத்தரும் எழும்பேல்லை. நான்தான் "ஓடுங்கோ" எண்டன்.

மட்டைக்காரன், வெட்டையிலை என்ன பாடு?

---

மட்டைக்காரன் | 24.10.2021, இரவு 7.20

நேற்றுத்தான் முதல் நாள். ஏழு பேர் வந்தவங்கள். ஒருத்தன் கட்டுநாயக்கா பக்கம் கார்மென்ட்ஸுக்குப் போயிட்டான், ஒருத்தன் டிப்பரிலை நிக்கிறான், மற்ற ரெண்டு பேரும் "வாறம் அண்ணை" எண்டவங்கள். வரேல்லை. மழை தொடங்கிட்டுது, வெட்டையிலை பாதி சேறு. டோக்கியோவிலை கரும்பிலையிருந்து எடுத்த பொருள் சேர்த்துச் செய்த தரையாம், தண்ணியும் குறையத்தான் தேவையாம். எங்கடையிலை தண்ணிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

ஏழு பேரும் ரீவி பாத்த அறையைப் பற்றி ஒரு கதையும் கதைக்கேல்லை. மாஸ்க்கைக் கழட்டி வேலிக் கம்பியிலை வரிசையாக் கொழுவிப்போட்டு ஓடினவங்கள். ஒரு கோர்னர் பழகினம். சென்ரர்ஹாவ் அண்ணை, நீங்கள் சொன்ன முதல் ஓட்டக்காரன் வேலையை ஆருக்குக் குடுத்தாலும் வேண்டாம் எண்டாங்கள், கடைசியிலை நான்தான் நிண்டன். நெஞ்சிலை ஒண்டு, முழங்காலிலை ஒண்டு.

அப்பா கதிரை போட்டு இருந்தவர். மட்டையைக் கையிலை குடுத்தன், இறுக்கிப் பிடிக்கக் காணாது, மடியிலை வைச்சுக்கொண்டார். விசில் ஊத மூச்சு இல்லை. அதாலை சட்டியும் அகப்பையும். பவுல் எண்டால் ஒரு தட்டு, கோல் எண்டால் ரெண்டு. எந்தச் சட்டி எண்டு அவருக்கு இப்ப தெரியும், நான் போன மாசம் சொல்லிட்டன்.

ஒரே ஒரு வெள்ளைப் பந்து இருந்தது. கடைசி அடியிலை உயரப் போய் ஆச்சியின்ரை வளவுக்குள்ளை விழுந்தது. கேற் பூட்டு, திறப்பு வவுனியாவிலை. வேலி ஏறிப் பாயிறது அவங்களுக்கு ஒரு வேலையில்லை, தெரியும்தானே. ஏழு பேரும் வேலியடியிலை போய் நிண்டாங்கள். ஒருத்தரும் ஏறேல்லை. பிறகு வீட்டை போயிட்டாங்கள்.

---

பனிமட்டை | 24.10.2021, இரவு 9.45

இஞ்சை தெருவிலை பிள்ளையள் ஆடுற ஹொக்கிக்கு ஒரு பந்து இருக்கு, செம்மஞ்சள் நிறம். ஒரு டசின் அனுப்பட்டே? உங்கடையைப் போலை பாரமில்லை, கொஞ்சம் துள்ளும்.

---

மட்டைக்காரன் | 24.10.2021, இரவு 10.05

அனுப்புங்கோ அண்ணை. அப்பா கேக்கிறார், துள்ளுற பந்தை வைச்சு எப்படிடா கோர்னர் அடிக்கிறது எண்டு. அனுப்புங்கோ, பாப்பம்.